பாண்கடை மெசினும் பதின்மூன்று டிஸ்குகளும்

அந்த இயந்திரத்தின் விசைகளில் எழுத்துகள் இருக்கவில்லை. பாண்களின் படங்கள் இருந்தன. நீளப் பாண், உருண்டைப் பாண், எள்ளுத் தூவிய பாண், பிறைபோல வளைந்த ஒன்று, தலைமயிர் பின்னியதுபோல் முறுக்கிய ஒன்று. மொத்தம் அறுபது விசைகள். நாற்பத்தொன்றில் பாணும் கேக்கும், மிச்சத்தில் இலக்கங்களும் எங்களுக்கு விளங்காத குறிகளும். அது வந்து இறங்கிய அன்றே இவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எழுதிவைக்காத எதுவும் நடக்கவேயில்லை என்பதுபோல ஒரு தவிப்பு எனக்கு இருந்தது. இன்றும் அது முற்றாகப் போய்விடவில்லை.

அனுப்பியவர் சுவிற்சர்லாந்தில் இருந்த பெரிய மாமா. அவர் வேலை செய்த பேக்கரியில், எங்கள் வாயில் பாண்கடையில், பில் போடும் காசு மெசின் புதிதாக வாங்கிவிட்டு, பழையதைக் குப்பை வண்டிக்காக வாசலில் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அப்படி வைத்த சாமானைத் தாண்டிப் போக மனம் வராது. மாமா அதை வீட்டுக்குச் சுமந்துபோய், பால்மா, சொக்கலேற், வன்னியில் எந்த மாதத்திலும் போடமுடியாத கம்பளிச் சட்டைகள் எல்லாவற்றோடும் ஒரு பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். அது பாதை திறந்திருந்த சமாதான காலம். பெட்டி கொழும்புக்கு வந்து, வவுனியாவுக்கு வந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒருநாள் முழுக்க வெயில் காய்ந்து, எங்கள் ஊர் தர்மபுரத்துக்கு லொறியில் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் பெரிய மாமா சொன்னது ஒன்றுதான்: “உள்ளுக்க இருக்கிறது கொம்பியூட்டர்தான். தங்கச்சிக்கு உதவும்.”

தங்கச்சி என்றது என் சின்னம்மாவை. அம்மாவின் கடைசித் தங்கை. அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த ஒரு விவசாயத் திட்டக் கந்தோருக்குத் தட்டச்சு செய்ய ஆள் கேட்டிருந்தார்கள். வேலை பூநகரிக் கிளையில். பூநகரிக்கு அன்று பஸ் ஓடுவது கடவுள் விட்ட வழி. ஆகவே அங்கேயே தங்குவதற்கு அறையும் தருவார்கள். சின்னம்மா தட்டச்சு இயந்திரத்தில் தமிழும் ஆங்கிலமும் அடிப்பதில் சூரி. ஆனால் பரீட்சை கொம்பியூட்டரில் என்று கடிதத்தில் போட்டிருந்தது. வயதெல்லை முப்பத்திரண்டு. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது சின்னம்மா அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஆக, இதுதான் முதலும் கடைசியும். பரீட்சைக்கு இருபத்துமூன்று நாட்கள் இருந்தன. கிளிநொச்சியில் கொம்பியூட்டர் பழக்கிய ஒரேயொரு இடத்தில் ஏற்கெனவே வரிசை. முறை வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

சின்னம்மா தன் அண்ணனுடன் இருந்தார். அவர் என் மாமா. பெரிய மாமாவுக்கு இளையவர், சின்னம்மாவுக்கு நேர் மூத்தவர், கலியாணம் செய்யாதவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி, பிரதான வீதியில் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் அவருடைய றேடியோ திருத்தும் கடை இருந்தது. மாமாவின் வலது கையில் நடுவிரல்கள் மூன்றும் மடங்காது. அது எப்போது, எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அதனால் எந்த றேடியோவிலும் பிழை எங்கே என்று மாமா சொல்வார். ஈயத்தை உருக்கி ஒட்டுவது சின்னம்மா. ஊரில் இதற்கு ஒரு வசனம் இருந்தது: மூளை அண்ணன், கை தங்கச்சி.

பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத நாட்களில், தர்மபுரத்தின் பாதி மோட்டச்சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் மாமா. பற்றறி இல்லாத றேடியோக்களைச் சைக்கிள் டைனமோவில் பாடவைத்தவர். ஒருவர் இருந்து மிதிக்க, மற்றவர்கள் சுற்றிநின்று செய்தி கேட்பார்கள். எந்த இயந்திரமும் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைமட்டும் செய்துகொண்டிருக்க வன்னியில் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே பாண்கடை மெசினுக்குள் விண்டோஸைப் போடுவது என்பது அவருக்குப் பெரிய காரியமாகப் படவில்லை.

“மண்ணெண்ணெயைக் குடிக்கமாட்டன் எண்ட மோட்டச்சைக்கிளையே குடிக்க வைச்சனான். உது என்ன!” என்றார்.

முதல்நாள் அதைச் சும்மா போட்டுப் பார்த்தோம். ஒரு சாண் அகலத் திரை. பச்சை எழுத்துகள், ஜேர்மன் மொழியில். நான் பிறை வடிவப் பாணை அமத்தினேன்; பக்கத்தில் இருந்து ஒரு துண்டுக் கடதாசி அச்சாகி வந்தது. பிறகு முறுக்குப் பாண். பிறகு கேக். அன்று பின்னேரம்வரை எங்கள் ஒழுங்கையின் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் சுவிஸ் பாண் விற்றேன். எல்லோரும் துண்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்தநாள் மாமா வவுனியாவுக்குப் போனார். இரண்டு நாட்கள் கழித்துத் திரும்பும்போது அவரிடம் ஒரு பழைய விசைப்பலகையும் ஒரு பால்மா ரின்னும் இருந்தன. ரின்னுக்குள், செம்மண் தூசி படாதபடி பொலித்தீனில் சுற்றி, பதினான்கு பிளொப்பி டிஸ்குகள். அறிமுகமான ஒருவரிடம் கெஞ்சிப் பிரதியெடுத்தவை. பதின்மூன்றில் விண்டோஸ் துண்டுதுண்டாக இருந்தது. பதினான்காவதில் தமிழ் எழுத்து. அந்தப் பயணத்துக்காக மாமா கடையை இரண்டு நாட்கள் பூட்டினார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது யாரும் அவரைப் பிழையாக எடைபோடக்கூடாது.

சித்திரை விடுமுறை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, சின்னம்மாவுக்கு டிஸ்க் மாற்றும் வேலை. எனவே திரையில் வருவதை வாசித்துச் சொல்வதும் எழுதிவைப்பதும் என் பொறுப்பாயின. நான் அடிமட்டம் வைத்து நான்கு நிரல் கீறினேன்: நேரம், டிஸ்க் இலக்கம், திரையில் வந்தது, வேறு விபரம். வேறு விபரம் என்ற நிரலை நானாகத்தான் சேர்த்தேன்.

மில்லுக்காரரின் ஜெனரேற்றரை மாமாதான் பார்த்துக்கொள்வார். அதற்குக் கைம்மாறாக மில்லில் இருந்து கடைக்கு ஒரு வயர் வந்தது. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரைவரை மில் ஓடும். அவ்வளவு நேரம் எங்களுக்கும் கரண்ட். மேசையின் இடப்பக்கம் மாமாவின் கதிரை. அதன் கீழே, நிலத்தில், ஒரு பலகையில் பிளக்குகள். மேசைக்கு மேலே ஒரு பல்ப். நடுவில் பாண் படங்கள் கழற்றப்பட்டு, எழுத்துள்ள விசைப்பலகை பூட்டப்பட்ட மெசின்.

முதலாம் டிஸ்கைப் போட்டதும் அது ஒரு கேள்வி கேட்டது.

“என்னவாம் பிள்ளை?” என்றார் மாமா.

“உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழியுமாம். ஓமோ இல்லையோ எண்டு கேக்குது.” கழற்றிவைத்த பாண் படங்களைப் பார்த்தேன். “பாண்கடையும் போயிடுமோ, மாமா?”

“போகட்டும்,” என்றார் சின்னம்மா. “நான் பாண் விக்கவோ போறன்? ஓம் போடு.”

நான் ஓம் போட்டேன்.

ஒரு டிஸ்க் முடிய எட்டு நிமிடம், சிலது ஒன்பது. இடையில் கரண்ட் நின்றால் மாமாவுக்குத் தெரிந்த ஒரே வழி முதலாம் டிஸ்கிலிருந்து திரும்பத் தொடங்குவது. முதல்நாள் ஐந்தாம் டிஸ்கில் பல்ப் மங்கியது, மெசின் செத்தது, ஒரு நிமிடம் கழித்து எங்கள் எல்லோருக்கும் தும்மல் வந்தது. மில்லில் யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். அரிசி அரைபடும்போது ஒன்றுமில்லை. மிளகாய் போட்டால் மோட்டர் திணறி, வயரில் இருக்கிற கரண்ட் எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டாம் தரம் எட்டாம் டிஸ்கில் அதேகதை. பல்ப் மங்கியது, மெசின் நின்றது, தும்மல். மூன்றையும் அந்த ஒழுங்கிலேயே எழுதினேன்.

சின்னம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மில்லுக்குப் போனார். நானும் கொப்பியோடு பின்னால் போனேன். மிளகாய்ப் பையோடு வரிசையில் நின்ற நான்கு பெண்களிடமும், பன்னிரண்டு மணிக்குப் பிறகு அரைக்கச் சொல்லி மன்றாடினார்.

“உங்கட பாண்கடைக்காக எங்கட குழம்பு காத்துக்கொண்டு நிக்கோணுமோ?” என்றார் ஒருவர்.

“ஒரு கிழமைக்குத்தான் அக்கா. வேலை கிடைச்சா எல்லாருக்கும் கேக் வாங்கித் தருவன்.”

“நீ பூநகரிக்குப் போனாப் பிறகு கேக்கை ஆர் கொண்டுவாறது? போக முதலே தா.”

சிரித்தார்கள். ஆனால் பைகளை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மில்லுக்காரர் மட்டும் தூள் படிந்த புருவங்களோடு வாசலுக்கு வந்து, பக்கத்துக் கடையைப் பார்த்து மாமாவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: “என்ன மேசன், கையைப் பூநகரிக்கு அனுப்பிப்போட்டு மூளையை மட்டும் வைச்சு என்ன செய்யப்போறாய்? விக்கப்போறியோ?” மேசன் என்பது மாமாவின் பெயர் அல்ல, எல்லாத் தொழில்காரரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மாமாவும் சிரித்தார். “வித்தாலும் உன்னட்டத் தரமாட்டன். வைக்க உனக்கு இடமில்லை.”

மூன்றாம் தரம், மிளகாய் இல்லாத அந்தக் காலையில், பதின்மூன்று டிஸ்குகளும் முடிந்தன. மெசின் தானாக நின்று தானாகத் திரும்ப எழும்பியது. திரையில் விண்டோஸின் மேகப்படம் வரவேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் ஏதோ கலங்கியது. சின்னம்மா ஆவலாகக் குனிந்தார். அந்த நேரம் “டிங்” என்று ஒரு சத்தம். மெசினின் அடியில் இருந்த காசு லாச்சி பாய்ந்துவந்து அவருடைய வயிற்றில் இடித்தது. “ஐயோ அம்மா!” என்று சின்னம்மா பின்னால் போனார். விண்டோஸ் தன்னோடு என்னென்ன பூட்டியிருக்கிறது என்று தேடும்போது லாச்சியின் வயரையும் தொட்டுப் பார்த்திருக்கிறது. லாச்சிக்குத் தெரிந்த ஒரே பதில் திறப்பது. அதோடு திரை உறைந்துபோனது.

நாங்கள் மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். சின்னம்மாவுக்கு இரட்டை நோ. மாமா லாச்சியின் வயரைக் கழற்றி, அது மீண்டும் பாயாமல் ஒரு பழைய சாரக் கிழிசலால் சுற்றிக் கட்டினார். “இனிப் பிழை இல்லை. நாளைக்கு முதலாம் டிஸ்கிலயிருந்து போட்டா இது எழும்பும்,” என்றார்.

“உண்மையாவோ அண்ணா?”

“எழும்பும் எண்டுறன்.”

சின்னம்மா அப்போதே திட்டம் போடத் தொடங்கிவிட்டார். முதல்மாதம் எந்தச் சேலை உடுப்பது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை எந்த பஸ்ஸில் வருவது, பூநகரி மீன் எவ்வளவு மலிவு. மாமா திருத்த வந்திருந்த ஒரு றேடியோவைத் திறந்து, ஈயக்கோலை எடுத்துத் தானே ஒரு வயரை ஒட்டிப் பார்த்தார். மடங்காத விரல்களுக்கு இடையில் கோல் வழுகி மேசையில் விழுந்து, மேசைவிரிப்பில் ஒரு ஓட்டை போட்டது. “விடுங்கோ, நான் செய்யிறன்,” என்று சின்னம்மா கதையை நிறுத்தாமலே அதை வாங்கிச் செய்தார். ஓட்டையின் அளவு ஒரு ஐந்து சதக் குற்றிக் காசு.

நாலாம் தரம் ஒன்பதாம் டிஸ்கில் மெசின் நின்றது.

“மிளகாயாக்கும்,” என்றார் மாமா.

சின்னம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “மில்லில அரிசிதானே அண்ணா அரைபடுது.”

“அப்ப ஜெனரேற்றர் துடிச்சிருக்கும். சூட்டுக்கு அப்பிடித்தான்.”

ஐந்தாம் தரம் பதினோராம் டிஸ்கில் நின்றது. அன்று சின்னம்மா எழும்பி ஓடவில்லை. பன்னிரண்டாம் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. “இன்னும் பத்து நாள்தான் கிடக்கு,” என்றார், யாருக்கும் சொல்லாததுபோல. பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். மாமா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் நான் என் அட்டவணையை ஆறுதலாகப் பார்த்தேன். ஐந்து வரிகள். முதலிரண்டில் வேறு விபரம்: பல்ப் மங்கியது, தும்மல். மூன்றில்: லாச்சி. நாலிலும் ஐந்திலும் நான் எழுதியிருந்தது: பல்ப் மங்கவில்லை. இரண்டும் ஒரே வயரில் வருபவை. மெசின் சாகும்போது பல்ப் நன்றாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நானே கண்டு, நானே எழுதி, அதன் பெறுமதி தெரியாமல் இருந்திருக்கிறேன். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்துவிட்டதாக எனக்கு நெஞ்சு அடித்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மாமா தனியே இருந்தார்.

“மாமா, கடைசி ரெண்டு தரமும் மில்லில பிழை இல்லை. ஜெனரேற்றரிலயும் இல்லை.”

“ஆர் சொன்னது?”

“பல்ப். இஞ்ச பாருங்கோ. பல்ப் மங்கேல்லை.”

மாமா கொப்பியை வாங்கி முழங்காலில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம்தான். ஆனால் வெகுநேரம் பார்த்தார். என் எழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வகுப்பில் என் எழுத்துத்தான் வடிவு.

“இதைச் சின்னம்மாவுக்குக் காட்டினனியோ?”

“இல்லை. முதல் உங்களுக்குத்தான்.”

“அப்ப பிழை எங்க எண்டு நினைக்கிறாய்?”

“பிளக்கிலயாக்கும். அது கழண்டு கழண்டு வருதுபோல.”

மாமா கொப்பியை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். கோயிலில் ஐயர் தட்டைத் தருவதுபோல. “ஓம் பிள்ளை. பிளக்கிலதான் பிழை. நாளைக்கு நீ இந்தக் கதிரையில இரு. பிளக்கைப் பாத்துக்கொள். நான் அங்கால நிக்கிறன்.”

ஆறாம் தரம் மாமாவின் கதிரையில் நான் இருந்தேன். என் கால் பிளக்குப் பலகைக்கு எட்டவில்லை. நான்கு விரற்கடை மேலே தொங்கியது. குனிந்து குனிந்து பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஒருமுறையும் கழலவில்லை. மாமா கடை வாசலில், எங்களுக்கு முதுகு காட்டி, இரண்டு மணித்தியாலமும் நின்றபடியே நின்றார். பதினொன்று ஐம்பத்தாறுக்கு மெசின் எழும்பியது. பச்சை மேகம். பிறகு பச்சையாக விண்டோஸின் மேசைத்திரை. பதினான்காம் டிஸ்கையும் போட்டபிறகு, சின்னம்மா ஒரு விரலால் “அ” என்று அடித்தார். அந்தச் சாண் அகலத் திரையில் ஒரு “அ” வந்து நின்றது.

சின்னம்மா ஓடிப்போய் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணா! அண்ணா!” என்றார். மாமா அவருடைய தலையில் கையை வைத்தார். “போ, போய் அடிச்சுப் பழகு. கரண்ட் நிக்கப்போகுது.” பிழையைக் கண்டுபிடித்த எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

அந்த மெசினில் மவுஸ் பூட்டுவதற்கு எங்களுக்குத் தெரிந்த துவாரம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே சின்னம்மா எல்லாவற்றையும் விசைகளாலேயே பழகினார்: திறக்க, மூட, எழுத, அழிக்க, அடுத்த இடத்துக்குப் போக. ஒன்பது நாட்கள், நாளுக்கு இரண்டரை மணித்தியாலம். மிளகாய்ப் பெண்கள் கடைசிவரை பொறுத்தார்கள். பரீட்சை மண்டபத்தில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வால் உள்ள ஏதோ ஒன்று கிடந்ததாம். சின்னம்மா முதலில் அதை யாரோ மறந்துபோய் வைத்தது என்று நினைத்திருக்கிறார். பிறகு, மற்றவர்கள் அதைப் பிடித்து மேசையில் தேய்ப்பதைக் கண்டு, ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைத்தாராம். அரை மணித்தியாலத்தில் முடிக்க வேண்டிய கடிதத்தைப் பத்தொன்பது நிமிடத்தில் முடித்தார். பரீட்சை வைத்த ஐயா பின்னால் வந்து நின்று, “மவுஸைத் தொடாமல் அடிக்கிறீங்கள், எங்க படிச்சனீங்கள்?” என்று கேட்டாராம்.

“பாண்கடையில,” என்று சொல்ல வாய் வந்ததாம். “வீட்டில ஐயா,” என்றாராம்.

கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

சின்னம்மா இப்போதும் பூநகரியில்தான். அங்கேயே கலியாணம் செய்து, இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் அங்கேயே திரும்பி வந்து குடியிருக்கிறார். போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, எப்படியோ இந்தக் கதை வந்தது. நான் என் அட்டவணையைப் பற்றிப் பெருமையாகத் தொடங்கினேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“அவரின்ர கால்தான்,” என்றார். “பிளக்கில கால் பெருவிரலை வைச்சு மெல்ல நெம்பினவர். நாலாம் தரமே நான் கண்டனான்.”

“கண்டனீங்களோ? அப்ப ஏன் கேக்கேல்லை?”

“என்னெண்டு கேக்கிறது? டிஸ்குக்காக ரெண்டு நாள் கடையைப் பூட்டிப்போட்டு அலைஞ்ச மனிசன். அவரா விடவேணும் எண்டு இருந்தனான். அதுக்கும் நாள் போய்க்கொண்டிருந்தது.” சின்னம்மா செதிலைத் தட்டிவிட்டார். “நான் கேட்டிருந்தா விட்டிருப்பார். பிறகு ஆயுளுக்கும் என்ர முகத்தைப் பாத்திருக்கமாட்டார்.”

மாமா அந்த வருடக் கடைசியில் கடையைப் பூட்டினார். இனி றேடியோவைத் திருத்திக் கேட்க ஆளில்லை, எல்லோரும் புதிதாக வாங்குகிறார்கள் என்று காரணம் சொன்னார். நாங்களும் அதை நம்பினோம். பிறகு மில்லில் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சின்னம்மா பூநகரிக்குப் போன காலையில் இவை எதுவும் எனக்குத் தெரியாது. மாமாவும் நானும் பஸ் ஏற்றப் போனோம். சின்னம்மா கறுப்புக் கரை போட்ட மண்ணிறச் சேலை உடுத்திருந்தார். பஸ் வந்தது, மாமா இடது கையால் பெட்டியை உள்ளே தள்ளினார், சின்னம்மா யன்னலால் கையை நீட்டி அவருடைய வலது கையைப் பிடித்தார். பஸ் வெளிக்கிட்டபிறகும் கொஞ்சத் தூரம் விடவில்லை. நடத்துனர் சத்தம் போட்டபிறகுதான் விட்டார்.

திரும்பி நடக்கும்போது நான் பாய்ந்து பாய்ந்து நடந்தேன். அதுவரை மனதில் அடக்கிவைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன்.

“மாமா, நான் அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சிருக்காட்டி சின்னம்மா போயிருக்க மாட்டா, என்ன?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப ஆரால அவா போனவா?”

“உன்னாலதான்.”

எனக்கு அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்வதற்கு அதை இன்னும் வடிவாகக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாய்க்கால் பாலத்தடியில் ஒருமுறை கேட்டேன், “உன்னாலதான்” என்றார். சந்தியில் ஒருமுறை கேட்டேன். அதையேதான் சொன்னார், என் தலையைத் தடவிக்கொண்டு. நாலாம் தரம் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்து, அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.